அடேலுக்காக யாராவது அழுதிருக்கிறீர்களா? (ஜேன் அயர்)

தாழ்வாரம் எழுதியது:

சார்லட் பிராண்ட்டியின் 'ஜேன் அயர்' நாவலை மூன்றாம் முறையாக முடித்தேன். முதல் முறை பதினாலு வயதில், சுருக்கப் பதிப்பு. இரண்டாவது கல்லூரியில், பரீட்சைக்காக. இப்போது நாற்பத்தாறு வயதில், எவரும் கேட்காமல் நானே எடுத்தேன். சிவப்பு அறை வரும்போது மூன்று முறையும் அழுதேன். அதில் மாற்றம் இல்லை. ஆனால் இந்தத் தடவை இன்னொரு இடத்திலும் கண் நிறைந்தது. அந்த இடத்தில் வேறு யாரும் அழுததாக நான் கேள்விப்பட்டதில்லை. அதைக் கேட்கத்தான் இந்த இழை.

ஜேனுக்காக அழுவது சுலபம். பத்து வயதுப் பெண், ஜன்னல் திண்டில் சம்மணமிட்டு, சிவப்புத் திரையை இழுத்துவிட்டுக்கொண்டு பறவைப் படங்கள் பார்க்கிறாள். பதினாலு வயது மாமா மகன் ஜான் ரீட் வந்து அந்தப் புத்தகத்தையே பிடுங்கி அவள் மேல் எறிகிறான். கதவில் தலை மோதி ரத்தம் வழிகிறது. திருப்பிக் கத்துகிறாள், கொடுங்கோலன் என்கிறாள், ரோமச் சக்கரவர்த்திகளோடு ஒப்பிடுகிறாள். தண்டனை அவளுக்குத்தான். தாய்மாமன் உயிர்விட்ட அந்தச் சிவப்பு அறையில் அடைத்துவைக்கிறார்கள். இதைப் படித்துவிட்டு மாமி மிஸஸ் ரீடை ஒரு அறை விடலாமா என்று தோன்றாதவர்கள் கையைத் தூக்குங்கள்.

நான் கேட்பது அடேல் வாரென்ஸைப் பற்றி. தார்ன்ஃபீல்டு மாளிகையில் ஜேன் பாடம் சொல்லிக்கொடுக்கும் பிரெஞ்சுக் குழந்தை. ஏழெட்டு வயது. என் சுருக்கப் பதிப்பில் அவள் இருந்தாளா என்றே ஞாபகம் இல்லை, அவ்வளவுதான் அவளுக்கு மதிப்பு.

ஜேனைப் பார்த்த முதல் நாளே அவள் தன் சரக்கு எல்லாவற்றையும் எடுத்துக் கடை விரிக்கிறாள், கவனித்தீர்களா? அம்மா கன்னி மரியாளிடம் போய்விட்டாள், அதற்கு முன்னால் ஆடவும் பாடவும் கற்றுக்கொடுத்தாள், வீட்டுக்கு நிறையப் பேர் வருவார்கள், அவர்கள் மடியில் உட்கார்ந்து பாடுவேன், இப்போது பாடட்டுமா என்கிறாள். கைவிடப்பட்ட பெண் ஒருத்தியின் ஓபரா பாட்டைப் பாடுகிறாள். அப்புறம் எலிகள் கூட்டம் போடும் கதைப்பாட்டு. அதில் ஒரு எலி கேள்வி கேட்கும் வரி வரும். அங்கே குரலை உயர்த்த மறந்துவிடக் கூடாது என்று கையை இப்படித் தூக்கச் சொல்லி அம்மா பழக்கியிருந்தாளாம். இறந்த அம்மாவின் பயிற்சி அந்தக் குழந்தையின் கையில் மட்டும் மிச்சம் இருக்கிறது. அடுத்து ஆடிக் காட்டட்டுமா என்கிறாள். போதும் என்கிறாள் ஜேன். அந்தப் பாட்டு குழந்தைக்குப் பொருத்தமில்லை, ரசனைக் குறைவு என்று நமக்கும் ஒரு குறிப்பு கொடுக்கிறாள்.

அந்தப் 'போதும்' என்ற இடத்தில்தான் புத்தகத்தை மூடிவைத்தேன்.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். ஆறு வயதில் அம்மா போய்விட்டாள், பெரியம்மா வீட்டில் வளர்ந்தேன். அடி உதை எதுவும் கிடையாது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் நான் ஜேன் இல்லை. ஒரு நாளும் திருப்பிப் பேசியதில்லை. வீட்டுக்கு யாராவது வந்தால் கூப்பிடாமலே போய் நடுக்கூடத்தில் நின்று பாடுவேன். பாடி முடித்ததும் வந்தவர்கள் முகத்தைப் பார்க்க மாட்டேன், பெரியம்மாவின் வாய் ஓரத்தைத்தான் பார்ப்பேன். அது லேசாக நெகிழ்ந்திருந்தால் அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கலாம். எனக்குப் பாட்டு மேல் பெரிய ஆசை எல்லாம் இல்லை. அது ஒரு வாடகை மாதிரி.

அடேல் கட்டுவதும் வாடகைதான் என்று எனக்குப் படுகிறது. வீட்டு எஜமான் ரோச்செஸ்டர் வாங்கி வந்த ரோஜா நிற உடுப்பைப் போட்டுக்கொண்டு சுழன்று ஆடி வந்து, அவர் முன்னால் ஒரு காலை மடித்து மண்டியிட்டு நன்றி சொல்கிறாளே, அப்போது அவருக்கு ஞாபகம் வருவது, இவள் அம்மா இப்படித்தான் நம் காசைக் கறந்தாள் என்பது. விருந்து இரவில் பாருங்கள். சாட்டின் பாவாடை கசங்கும் என்று முன்கூட்டியே தூக்கிப் பிடித்துக்கொண்டு சின்ன நாற்காலியில் உட்கார்ந்தவள், ஜேன் தயாராகும்வரை அசையமாட்டேன் என்கிறாள். அலங்காரம் முழுமையாக ஒரே ஒரு பூ எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்கிறாள். ஜேன் ஒரு ரோஜாவை எடுத்து இடுப்புப் பட்டையில் செருகிவிட்டு, சிரிப்பை மறைக்க முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். கொஞ்சம் வேதனையாகவும் இருந்தது என்று எழுதுகிறாள், சரி. ஆனால் சிரிப்பு வந்தது அல்லவா?

ரோச்செஸ்டர் கல்யாணம் செய்துகொள்வார் என்று எல்லாரும் பேசும் பிளான்ச் இங்கிராம் அவளைக் குரங்கே என்று திட்டுகிறாள், கிட்டே வந்தால் தள்ளிவிடுகிறாள். ஜேன் அதையும் பார்க்கிறாள். எதற்கு? பிளான்ச் எப்படிப்பட்டவள் என்று தெரிந்துகொள்ள. குழந்தை அங்கே வெறும் உரைகல்.

இப்போது கேள்வி. சீறுகிற அநாதைக்கு இவ்வளவு கண்ணீர் வைத்திருக்கிற நாம், குழைகிற அநாதையை ஏன் 'பகட்டு', 'மேலோட்டம்' என்று தாண்டிப் போகிறோம்? கதை சொல்கிறவளே ஒரு அநாதை என்பதால் அவள் தீர்ப்பை அப்படியே வாங்கிக்கொள்கிறோமா?


பச்சைமசி எழுதியது:

தாழ்வாரம், நல்ல வாசிப்பு. ஆனால் ஜேன் மீது நீங்கள் வைக்கும் வழக்கில் முக்கியமான சாட்சியை விட்டுவிட்டீர்கள்.

அடேலின் கதையை ரோச்செஸ்டர் சொல்லும் அத்தியாயத்தைத் திரும்பப் பாருங்கள். அவள் அம்மா செலின் வாரென்ஸ் சாகவில்லை. ஒரு பாட்டுக்காரனோடு இத்தாலிக்கு ஓடிவிட்டாள் என்கிறார். இவள் என் மகள் என்பதற்கு ஜாடையே இல்லை, என் நாய் பைலட்டுக்குக்கூட இவளைவிட என் சாயல் அதிகம் என்கிறார். சொல்லிவிட்டு, இப்படிப்பட்ட பிறப்பு என்று தெரிந்தபின் வேறு வேலை தேடிக்கொள்வாயோ என்று ஜேனைச் சீண்டுகிறார். அந்தக் காலத்து ஆசிரியை பெட்டியைக் கட்டியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஜேன் என்ன சொல்கிறாள்? அம்மாவின் குற்றத்துக்கும் உங்கள் குற்றத்துக்கும் அவள் பொறுப்பில்லை. தாய் விட்டுப்போய், நீங்களும் கைகழுவியபின் அவள் பெற்றவர் இல்லாத பிள்ளை. இனி முன்னைவிட இறுக்கிப் பிடித்துக்கொள்வேன் என்கிறாள். 1847 அக்டோபரில் வெளிவந்த நாவலில் முறைதவறிப் பிறந்ததாகக் கருதப்பட்ட குழந்தையைப் பற்றி இப்படி ஒரு பேச்சு சாதாரணமில்லை.

அடுத்து, கடைசி அத்தியாயம். ரோச்செஸ்டர் அடேலை ஒரு பள்ளியில் விட்டிருக்கிறார். ஜேன் போய்ப் பார்க்கிறாள். குழந்தை வெளுத்து மெலிந்திருக்கிறது, சந்தோஷமாக இல்லை என்கிறது. சட்டதிட்டம் கடுமை, படிப்பு வயதுக்கு மீறிய பாரம் என்று கண்டுகொண்டு ஜேன் அவளை வீட்டுக்கு அழைத்து வருகிறாள்.

இந்த நான்கைந்து வரிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று யோசியுங்கள். சார்லட் பிராண்ட்டிக்கு ஐந்து வயதில் தாய் இறந்தார். 1824-இல் கோவன் பிரிட்ஜ் என்ற ஊரில், பாதிரிமார்களின் பெண்களுக்கான விடுதிப் பள்ளியில் அவரையும் சகோதரிகளையும் சேர்த்தார்கள். நாவலின் லோவுட் பள்ளிக்கு அதுதான் மூலம். மூத்த அக்கா மரியா அங்கே காசநோயில் விழுந்து 1825 மே மாதம் வீட்டில் இறந்தார், வயது 11. அடுத்த அக்கா எலிசபெத் ஜூன் மாதம், வயது 10. எலிசபெத்தும் நோயோடு வீடு திரும்பியபோதுதான் தந்தை சார்லட்டையும் எமிலியையும் வீட்டுக்கு அழைத்து வந்தார். லோவுட்டில் இறந்துபோகும் ஜேனின் தோழி ஹெலன் பர்ன்ஸ் பெருமளவு மரியாவின் நிழல்.

நாவலில் ஹெலனை அழைத்துப்போக யாரும் வரவில்லை. ஜேனையும் யாரும் வந்து அழைத்துப்போகவில்லை. எட்டு வருடம் அங்கேயே இருந்தாள். ஆனால் அடேல் வெளுத்திருக்கிறாள் என்று ஒருத்தி வந்து பார்க்கிறாள், பார்த்த உடனே கூட்டிக்கொண்டு வருகிறாள். எழுத்தாளர் தன் அக்காக்களுக்குக் கிடைக்காததைக் கொடுத்தது அந்தப் பிரெஞ்சுப் பிள்ளைக்குத்தான். இதற்கு மேல் என்ன பரிவு வேண்டும்?


அரைப்பக்கம் எழுதியது:

நான் நேரா சொல்லிடறேன், எனக்கு அடேல்னா எரிச்சல்தான். படிக்கும்போது எப்படா இந்தக் குட்டி ரூமை விட்டுப் போகும், ரெண்டு பேரும் பேசட்டும்னு உட்கார்ந்திருந்தேன். ரோச்செஸ்டருக்கும் அதே எண்ணம்தான்னு நினைக்கிறேன் :)

ஆனா நீங்க எல்லாரும் ஒண்ணை மறந்துட்டீங்க. ஜேனுக்கு அது வேலை. லோவுட்ல வருஷம் 15 பவுண்டு வாங்கிட்டிருந்தாங்க, தார்ன்ஃபீல்டுல 30. அதுக்காகத்தான் வந்தாங்க. நான் பதினெட்டு வருஷமா வீடு வீடாப் போய் டியூஷன் எடுக்கிறவன். முதல் நாள் பாட்டு பாடிக் காட்டுற பிள்ளைங்களைப் பார்த்திருக்கேன், டேபிளுக்கு அடியில ஒளிஞ்சுக்கிற பிள்ளைங்களையும் பார்த்திருக்கேன். எல்லாத்தையும் ஒரே மாதிரி நேசிக்க முடியாது சார். கணக்கு ஒழுங்கா சொல்லிக் குடுத்துட்டு, கடுப்பைக் காட்டாம வெளிய வரணும். ஜேன் அதைத்தான் எழுதறாங்க: பிள்ளைக்குப் பெரிய திறமை இல்லை, ஆனா நல்லா முன்னேறுது, அவ மேல எனக்கு ஒரு பிரியம் உண்டு, கடமையா பார்த்துக்கறேன்னு. பெத்தவங்க காதுக்கு இனிக்கறதுக்காக நான் பொய் சொல்லப் போறதில்லைன்னும் சேர்த்து எழுதறாங்க. எனக்கு அந்த வரி ரொம்பப் பிடிச்சுது. சம்பளத்துக்கு வந்த ஆள்கிட்ட அம்மாவைத் தேடினா கிடைக்காது.

சார்லட்டும் கவர்னஸா, அதாவது வீட்டோட தங்கிப் பாடம் சொல்லிக்குடுக்கற வேலை பார்த்தவங்கதானே. 1839-ல ஒரு பணக்கார வீடு, 1841-ல இன்னொண்ணு. ரெண்டும் நிலைக்கல. தங்கச்சி எமிலிக்கு எழுதின கடிதத்துல, கவர்னஸை ஒரு உயிருள்ள மனுஷியாவே இந்த வீட்ல நினைக்க மாட்டேங்கறாங்கன்னு புலம்பியிருக்காங்க. அந்தப் பொம்பளை ஒரு மாணவியைப் பத்தி இவ்ளோ நல்லா எழுதினதே பெரிசு.

பச்சைமசி சார் சொன்ன கடைசி அத்தியாயத்துல பாதியை மட்டும் சொல்லியிருக்கார், அதையும் சொல்லிடணும். வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தாங்க, சரி. அங்கயே வெச்சுக்கலையே? கணவர் ரோச்செஸ்டருக்கே என் நேரம் முழுக்கப் போகுதுன்னு மறுபடி இன்னொரு ஸ்கூல். கிட்டத்துல, கொஞ்சம் கரிசனமான ஸ்கூல், அது உண்மை. ஆனா ஸ்கூல்தான்.

இன்னொண்ணு. சித்தப்பா சொத்து 20,000 பவுண்டு வருதே, அதை ஜேன் எப்படிப் பிரிச்சாங்க? தனக்கு ஒரு பங்கு, அத்தை பிள்ளைங்களான ரிவர்ஸ் வீட்டு மூணு பேருக்கும் ஆளுக்கு ஒண்ணு, தலைக்கு 5,000. ரத்த சொந்தம் கிடைச்ச சந்தோஷத்துல குதிக்கறாங்க. அடேல் பேர் அந்தக் கணக்குல வரல. தப்புன்னு சொல்லல, ரோச்செஸ்டர் பார்த்துப்பார். சும்மா கண்ணுல பட்டுது.


கிளிஞ்சல் எழுதியது:

தாழ்வாரம் அக்கா, நான் போன மாசம்தான் முதல் தடவை படிச்சேன். அழல. ஆனா அடேல் வர்ற ஒரு இடத்துல சத்தமா சிரிச்சேன், அப்புறம் ரெண்டு நாள் கழிச்சு பயமா இருந்துச்சு.

ஜேன் ரோச்செஸ்டர் கல்யாணத்துக்கு முன்னாடி துணி வாங்க வண்டியில போவாங்கல்ல, அந்த இடம். அடேலைக் கூட்டிட்டுப் போக மாட்டேன்னு ரோச்செஸ்டர் அடம் பிடிப்பார், ஜேன் முகம் வாடினதும் சரின்னு ஏத்திக்குவார். வண்டியில அவர் விளையாட்டா, உங்க டீச்சரை நிலாவுக்குக் கூட்டிட்டுப் போகப் போறேன், அங்க ஒரு குகையில நாங்க மட்டும் இருப்போம்னு சொல்வார். அடேல் உடனே கேள்வி மேல கேள்வி. அங்க சாப்பிட என்ன இருக்கு? பட்டினி போட்டுடுவீங்க. குளிர்ல நெருப்புக்கு எங்க போவாங்க? துணி கிழிஞ்சா? உங்களோட மட்டும் இருந்தா அவங்களுக்கு அலுத்துப் போயிடும்னும் சொல்லிடுவா. அவர் மேகத்துல கவுன் தைப்பேன்னு கதை அளப்பார். அவ நம்பவே மாட்டா.

அந்தப் புத்தகத்துல ரோச்செஸ்டர்கிட்ட இந்தக் கேள்விகளை வேற யார் கேக்கறாங்க? யாருமே இல்ல. ஜேனுக்குக் காதல். வீட்டைப் பார்த்துக்கற மிஸஸ் ஃபேர்ஃபாக்ஸ் பட்டும் படாம எச்சரிக்கறதோட சரி. மேலோட்டமான பொண்ணுன்னு எல்லாரும் சொல்ற எட்டு வயசுக் குழந்தைதான், சோத்துக்கு என்ன பண்ணுவேன்னு கேக்குது. ஏன்னா அதுக்கு அந்தக் கேள்வி தெரியும். அம்மா போனப்புறம் யார் யார் வீட்லயோ இருந்த குழந்தை அது.

அப்புறம் நடந்தது என்ன? அவருக்கு ஏற்கெனவே ஒரு மனைவி இருக்கறது தெரிஞ்சு கல்யாணம் நின்னுபோய், தார்ன்ஃபீல்டை விட்டு ஓடின ஜேன், ஒரு வீட்டு வாசல்ல, பன்னிக்குக் கொட்டப் போன ஆறிப்போன கஞ்சியை ஒரு சின்னப் பொண்ணுகிட்ட கேட்டு வாங்கிச் சாப்பிடறாங்க. பட்டினி போட்டுடுவீங்கன்னு குழந்தை சொன்னது அப்படியே நடந்துடுச்சு. அங்க வந்தப்போதான் எனக்கு நிலா ஞாபகம் வந்துச்சு.

அரைப்பக்கம் சார், எரிச்சல்னு சொன்னீங்க. இதை ஒருதடவை படிச்சுப் பாருங்க.


தாழ்வாரம் எழுதியது:

மூன்று பேருக்கும் நன்றி. கிளிஞ்சல், நிலாவையும் கஞ்சியையும் நான் சேர்த்துப் பார்த்ததே இல்லை. மூன்று தடவை படித்தவள் என்று பெருமை அடித்துக்கொண்டேன், வெட்கமாக இருக்கிறது.

பச்சைமசி, கோவன் பிரிட்ஜ் விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். மரியாவை மனதில் வைத்து அந்தப் பத்தியைப் படித்தபோது வேறு மாதிரி இருந்தது. ஜேனை ஈரமற்றவள் என்று நான் சொல்ல வரவில்லை. கல்யாணத்துக்கு முந்தின இரவு அடேலைக் கட்டிக்கொண்டு தூங்காமல் கிடக்கிறாள். விடிந்ததும் கழுத்தைச் சுற்றியிருந்த சின்னக் கைகளை ஒவ்வொன்றாக விலக்கும்போது அழுகிறாள். லோவுட்டில் ஹெலனைக் கட்டிக்கொண்டு படுத்திருந்தவளும் இதே பெண்தான். தார்ன்ஃபீல்டை விட்டுப் போகும் விடியலில் குழந்தையின் அறைப் பக்கம் பார்த்து, போய்வருகிறேன் கண்ணே என்று மனதுக்குள் சொல்லிவிட்டு, கதவைத் திறக்காமல் இறங்குகிறாள். எனக்கு அந்த மூடிய கதவுதான் தொண்டையில் நிற்கிறது. குற்றம் சொல்ல முடியாது, உள்ளே போயிருந்தால் அவளால் கிளம்பியிருக்க முடியாது. ஆனால் காலையில் எழுந்து டீச்சர் எங்கே என்று கேட்ட குழந்தைக்கு யார் என்ன சொன்னார்கள்? அது புத்தகத்தில் இல்லை.

அரைப்பக்கம், சம்பளத்துக்கு வந்தவரிடம் அம்மாவைத் தேடக் கூடாது என்பது கொஞ்சம் சுருக்கென்றது. நீங்கள் சொல்வது சரிதான். ஆனால் தேட வேண்டாம் என்று யார் சொன்னாலும் பிள்ளை தேடும். சம்பளம் வாங்குபவர், வாங்காதவர் என்று அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது.

நேற்று இரவு இன்னொன்று தோன்றியது. முதல் பதிப்பின் தலைப்புப் பக்கத்தில் 'தன்வரலாறு, பதிப்பித்தவர் கரர் பெல்' என்றுதான் இருந்தது. கரர் பெல் சார்லட்டின் புனைபெயர். அதாவது கதைப்படி இது ஜேன் எழுதிய புத்தகம். கல்யாணமாகிப் பத்து வருடம் கழித்து எழுதுகிறாள். அப்படியானால் அடேலுக்கு அப்போது பதினெட்டுக்கு மேல். பள்ளி முடித்துவிட்டாள், ஜேனுக்கு இதமான துணை, சொன்னபடி கேட்கும் நல்ல பெண். ஆங்கிலப் படிப்பு அவளுடைய பிரெஞ்சுக் குறைகளைப் பெரும்பாலும் திருத்திவிட்டது என்று ஜேனே எழுதுகிறாள்.

அந்தப் பெண்ணின் கையில் இந்தப் புத்தகம் கிடைத்தால்? தன் பாட்டு ரசனைக் குறைவு என்று படிப்பாள். பூவுக்குச் சிரித்தது தெரியும். அதை எல்லாம்கூட விடுங்கள். பதினைந்தாம் அத்தியாயத்துக்கு வருவாள். அம்மா கன்னி மரியாளிடம் போகவில்லை என்பதை அங்கேதான் தெரிந்துகொள்வாள். பாட்டுக்காரன், இத்தாலி. இத்தனை வருடம் யாரும் அவளிடம் சொல்லாததை ஊருக்கெல்லாம் அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள்.

ரோச்செஸ்டர் அடைத்துவைத்திருந்த முதல் மனைவி பெர்த்தாவுக்காக ஜீன் ரீஸ் 1966-இல் ஒரு முழு நாவலே எழுதினார். எனக்கு அவ்வளவு எல்லாம் வேண்டாம். அடேல் அந்தப் பக்கத்தைப் படித்த பிறகு சாப்பாட்டு மேசைக்கு வந்து உட்கார்ந்தாளா, என்ன பேசினாள் என்று ஒரு பக்கம் போதும். பழக்கப்பட்டவள், ஏதாவது இனிமையாகத்தான் பேசியிருப்பாள்.


அரைப்பக்கம் எழுதியது:

சுருக்குன்னு பட்டிருந்தா மன்னிச்சுக்கோங்க, அந்த அர்த்தத்துல சொல்லல. கிளிஞ்சல் சொன்ன நிலா கதையை இப்பதான் எடுத்துப் படிச்சேன். எரிச்சலை வாபஸ் வாங்கிக்கறேன், பாதியை.


கிளிஞ்சல் எழுதியது:

அக்கா, நீங்க இப்பவும் பாடுவீங்களா?


தாழ்வாரம் எழுதியது:

பாத்திரம் கழுவும்போது. பக்கத்தில் ஆள் இல்லை என்றால்.